எவ்வளவு அறுப்பது?



மதுரைக்கு வடக்கே, பெரியாற்று வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் என் தொழிலன்று. ஆயினும் மருத்துவ வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இன்று உங்கள்முன் எடுத்துரைக்க வந்திருக்கின்றேன். அதற்குக் காரணமாக அமைந்தவர் என் நண்பர் ஒருவர்.

அவர் எங்கள் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். புகை பிடித்தறியாதவர். திங்கள்தோறும் ஒருமுறை அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடந்தே ஏறுவது அவருடைய வழக்கம். சென்ற ஆண்டு விலாவில் அடிபட்டதற்காக எடுத்த ஸ்கேன் படத்தில், வலது நுரையீரலின் மேற்பகுதியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. குறுக்களவு ஒன்றரை சென்டிமீட்டர். ஊசியால் சிறிது சதை எடுத்து ஆராய்ந்ததில் அது புற்று என்று உறுதியாயிற்று. நல்வேளையாக அது வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. அறுத்து நீக்கினால் குணமாக வாய்ப்பு மிகுதி என்றனர் மருத்துவர்கள்.

அன்று மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். "ஹெட்மாஸ்டர் சார், அறுவை என்றதும் நான் அஞ்சவில்லை. ஆனால் இரண்டு வழி இருக்கிறது என்கிறார்கள். நுரையீரலின் மேல் மடல் முழுவதையும் எடுப்பது ஒன்று. அந்த மடலில் கட்டி இருக்கும் கூற்றை மட்டும் எடுப்பது மற்றொன்று. சின்னக் கட்டிக்கு இவ்வளவு பெரிய பகுதியை ஏன் கொடுக்க வேண்டும்? மடல்தான் அளவு என்று யார் முடிவு செய்தார்கள்? எப்பொழுது, எதை வைத்து முடிவு செய்தார்கள்?" என்று கேட்டார்.

யார், எப்பொழுது, எதை வைத்து என்பன வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினாக்கள் அல்லவா? ஆகையால் அவற்றுக்கு விடை தேடுவது என் கடமை என்று எண்ணினேன். நூல்களைத் தேடிப் படித்தேன். அறிந்த மருத்துவர்களிடம் கேட்டேன். அவ்வாறு அறிந்ததையே இன்று சொல்கின்றேன்.

முதலில் நுரையீரலின் அமைப்பை அறிந்துகொள்வோம். மதுரை வட்டார மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பேரணையில் தொடங்கும் பெரியாற்றுப் பிரதான வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அது கிளை வாய்க்கால்களாகப் பிரிகிறது. அவை சிறு வாய்க்கால்களாகி, ஒவ்வொரு மடையின் வழியாகவும் ஒரு குறிப்பிட்ட வயற்பரப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகின்றன. மூச்சுக்குழலும் அவ்வாறே. அது முதலில் வலம் இடம் என இரண்டாகப் பிரிகிறது. வலப்புறக் கிளை மூன்று பெரும் பகுதிகளுக்கும், இடப்புறக் கிளை இரண்டு பெரும் பகுதிகளுக்கும் காற்றைக் கொண்டு செல்கிறது. இப்பெரும் பகுதிகளே மடல்கள் எனப்படுவன. ஒவ்வொரு மடலும் மேலும் சில கூறுகளாக அமைந்துள்ளது. ஒரு மடையும் அதன் பாசனப் பரப்பும் போல, ஒவ்வொரு கூற்றுக்கும் தனிக் காற்றுக்குழலும் தனி இரத்தக்குழாயும் உண்டு. ஆகவே திறமையுள்ள அறுவை மருத்துவர் ஒருவர், அடுத்த கூற்றுக்கு ஊறு நேராமல், ஒரு கூற்றை மட்டும் பிரித்தெடுத்துவிட முடியும்.

முழு நுரையீரல், ஒரு மடல், ஒரு கூறு என்னும் இம்மூன்று அளவுகளுக்கிடையே நடந்த நீண்ட வழக்கின் வரலாறே நான் சொல்ல வந்தது. அவ்வழக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நடந்தது.

1895-ஆம் ஆண்டு நம் பகுதிக்கு மறக்க முடியாத ஆண்டு. முல்லைப் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் வைகைக்குத் திரும்பியது அவ்வாண்டில்தான். அதே ஆண்டு நவம்பர் திங்களில் ஜெர்மனியில் ரான்ட்ஜன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். உயிருள்ள மனிதனின் நெஞ்சினுள் என்ன இருக்கிறது என்று, அறுக்காமலே பார்க்கும் வழி பிறந்தது. ஆயினும் பார்ப்பது வேறு, திறப்பது வேறு. நெஞ்சுக்கூட்டைத் திறந்தவுடன் வெளிக்காற்று உட்புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். இத்தடையைக் கடக்க 1904-ஆம் ஆண்டில் சாவர்புரூக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறையையே கட்டி, அதனுள் நோயாளியின் உடலையும், வெளியே தலையையும் வைத்து அறுவை செய்யும் முறையை வகுத்தார். பின்னர், மூச்சுக்குழலினுள் குழாய் செலுத்தி, மயக்க மருந்தையும் காற்றையும் அழுத்தத்துடன் அனுப்பும் எளிய முறை வந்தது. 1931-இல் பெர்லினில் ருடால்ஃப் நிசென் என்பவர் ஒரு சிறுமியின் சீழ்பிடித்த நுரையீரல் ஒன்றை முழுமையாக நீக்கி அவளைப் பிழைக்கவைத்தார். ஒற்றை நுரையீரலோடு மனிதர் உயிர் வாழ முடியும் என்பது உலகுக்குத் தெரிந்தது.

இனி நம் கதையின் முதல் திருப்பம். 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள். அமெரிக்காவின் செயிண்ட் லூயி நகரில், பார்ன்ஸ் மருத்துவமனையில், எவார்ட்ஸ் கிரகாம் என்னும் அறுவை மருத்துவரின் முன் கிடந்த நோயாளியும் ஒரு மருத்துவரே. அவர் பெயர் ஜேம்ஸ் கில்மோர், வயது 48, பேறுகால மருத்துவர். இடது நுரையீரலில் புற்று. அறுவைக்குமுன் ஊருக்குச் சென்று வந்த கில்மோர், தம் பற்களையும் செப்பனிட்டுக்கொண்டு, தமக்கென ஒரு கல்லறை நிலத்தையும் வாங்கிவைத்தார் என்று சொல்வர். வாழ்வேன் என்ற நம்பிக்கையும், மாளவும் கூடும் என்ற தெளிவும் அவரிடம் சேர்ந்தே இருந்தன போலும்.

கிரகாம் ஒரு மடலை மட்டும் நீக்கவே எண்ணியிருந்தார். திறந்து பார்த்தபோது, நோய் மடலின் எல்லையோடு நிற்கவில்லை என்று கண்டார். அறுவை மேசையருகே நின்றபடியே முடிவை மாற்றி, இடது நுரையீரல் முழுவதையும் எடுத்துவிட்டார். புற்றுக்காக ஒரு நுரையீரலை ஒரே அமர்வில் முழுவதும் நீக்கி, நோயாளி நலமாகத் திரும்பியது அதுவே முதல் முறை. கில்மோர் மீண்டும் தம் தொழிலுக்குச் சென்றார்; முப்பது ஆண்டுகள் வாழ்ந்து 1963-இல் வேறு நோயால் இறந்தார்.

கிரகாமின் முடிவோ வேறு வகையாயிற்று. அவர் புகை பிடிப்பவர். 1950-இல், எர்ன்ஸ்ட் விண்டர் என்னும் இளைஞருடன் சேர்ந்து, நுரையீரல் புற்றுக் கண்ட 684 பேரின் பழக்கங்களை ஆராய்ந்து, சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று வெளியிட்டவரும் அவரே. அதன்பின் புகையை விட்டார். ஆயினும் 1957-இல் இரு நுரையீரல்களிலும் புற்றுப் பரவி இறந்தார். அவரால் காப்பாற்றப்பட்ட நோயாளி அவருக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். மாணவர்களே, பீடியும் சிகரெட்டும் கையில் எடுக்கும் நண்பன் உங்களுக்கு இருப்பானாகில், இக்கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.

கிரகாமின் வெற்றிக்குப் பின், முழு நுரையீரலையும் நீக்குவதே புற்றுக்கு உரிய முறை என்று பலர் கொண்டனர். கொடிய பகைவனிடம் இரக்கம் காட்டலாகாது, எவ்வளவு மிகுதியாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணத்தில் ஒரு நியாயம் உண்டு. எனினும் அதற்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது. அறுவையிலேயே பலர் இறந்தனர். பிழைத்தவர்களுள் பலர் மாடிப்படி ஏறவும் மூச்சுத் திணறினர்.

இதனை மறுத்தெழுந்தவர் பாஸ்டன் நகரத்து எட்வர்டு சர்ச்சில். இங்கிலாந்தின் பிரதமராயிருந்த சர்ச்சில் அல்லர். இவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர். இவரும் பெல்சி என்னும் ஆங்கிலேய மருத்துவரும் 1939-ஆம் ஆண்டிலேயே, சீழ்பிடித்த நுரையீரலில் ஒரு கூற்றை மட்டும் நீக்கும் அறுவையை விளக்கி எழுதியிருந்தனர். 1950-இல் சர்ச்சிலும் தோழர்களும் தம் புற்று நோயாளிகளின் கணக்கை வெளியிட்டனர். கட்டி ஒரு மடலுக்குள் அடங்கியிருந்தால், மடலை மட்டும் நீக்கியவர்கள், முழு நுரையீரலை நீக்கியவர்களைவிட எவ்வகையிலும் குறைவாக வாழவில்லை என்று அது காட்டியது. அதுமுதல் காற்று திசை மாறிற்று. நாளடைவில் மடலே அளவு என்பது மருத்துவ உலகின் பொது வழக்காயிற்று.

இக்காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நம் நாட்டின் நெஞ்சக அறுவை மருத்துவத்துக்கு வழி வகுத்தது புற்றன்று, காசநோய். சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து ஒரு காசநோய் நிலையத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் தோப்பூரில் அமைந்த நெஞ்சக நோய் மருத்துவமனையை நம் பகுதியில் அறியாதார் இலர். நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவுமே அந்நாளில் பெரும் மருந்துகள். அவை போதாதபோது, நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்தியோ விலா எலும்புகளை நீக்கியோ, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவைப்பர். 1949-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், நெஞ்சக அறுவைக்கெனத் தனித்துறை ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கு அதுவே முதல் வித்து.

இவ்விடத்தில் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அது புற்றைப் பற்றியதன்று. எனினும் நம் வினாவுக்குத் திறவுகோல் அதில் இருக்கிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையத்தை நிறுவின. காசநோய்க்குப் புது மருந்துகள் வந்துவிட்ட காலம் அது. மருந்து உண்ணும் நோயாளி, நிலையத்தில் ஓராண்டு தங்கித்தான் ஆக வேண்டுமா, சேரியிலும் ஒண்டுக் குடித்தனத்திலும் உள்ள தன் வீட்டிலிருந்தே மருந்துண்டால் போதாதா என்பது வினா. வீடு போதாது என்று அனுபவமுள்ள பலர் கருதினர். வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நிலையத்துக்கும், மறு பிரிவினர் தத்தம் வீட்டுக்கும் சென்றனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தனர். அவர்களுடைய வீட்டாருக்கும் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை அதனால் மாறிற்று.

சீட்டுப் போடுவதா, உயிரோடு விளையாடுவதா என்று சிலர் மனம் பதறும். உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூருங்கள். பத்தாம் நூற்றாண்டில் நம் முன்னோர் ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தேர்ந்தெடுப்பவரின் விருப்பு வெறுப்பு உட்புகக் கூடாது என்பதே அதன் நோக்கம். மருத்துவ ஆராய்ச்சியிலும் நோக்கம் அதுவே. மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தால், வலுவுள்ளவர்களைப் பெரிய அறுவைக்கும், நலிந்தவர்களைச் சிறிய அறுவைக்கும் அனுப்புவார். பின்னர் நலிந்தவர் முந்தி இறந்தால், பழி சிறிய அறுவையின்மேல் விழும். எந்த வழி சிறந்தது என்று உண்மையாகவே தெரியாத நிலையில், நோயாளியின் உடன்பாட்டோடு சீட்டை முடிவு செய்யவிடுவதே நேர்மை.

மீண்டும் நுரையீரலுக்கு வருவோம். 1973-இல் சிகாகோ நகரத்து ராபர்ட் ஜென்சிக், புற்றுக்காகக் கூற்றை மட்டும் நீக்கிய தம் பதினைந்தாண்டு அனுபவத்தை வெளியிட்டார். முடிவுகள் நன்றாகவே இருந்தன. அவ்வாறாயின் மடல் எதற்கு என்ற வினா எழுந்தது. அனுபவம் மட்டும் போதாது, சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று வட அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று 1982-இல் ஆராய்ச்சியைத் தொடங்கியது. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத, பரவாத கட்டி உள்ளவர்களைச் சேர்த்தனர். கணக்கில் கொள்ளப்பட்டவர் 247 பேர். கின்ஸ்பர்க், ரூபின்ஸ்டைன் இருவரும் 1995-இல் முடிவை வெளியிட்டனர். சிறிய அறுவை செய்துகொண்டவர்களுக்கு, நோய் அதே இடத்தில் திரும்பி வருவது ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. தீர்ப்பு மடலின் பக்கம் வந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அத்தீர்ப்பே நின்றது.

நிற்கட்டுமே, பிறகு ஏன் வழக்கை மீண்டும் திறந்தார்கள்? காலம் மாறியதே காரணம். 1980-களில் பெரும்பாலும் எக்ஸ்ரேயை நம்பியே கட்டியை அளந்தனர். பின்னர் சி.டி. ஸ்கேன் எங்கும் பரவிற்று. எக்ஸ்ரேயில் தோன்றாத சிறு கட்டிகளும் தெரியலாயின. மிகுதியாகப் புகை பிடித்தவர்கள் ஐம்பத்து மூன்றாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி ஒன்று, ஆண்டுதோறும் குறைந்த கதிரளவில் ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் புற்றால் இறப்போர் ஐந்தில் ஒரு பங்கு குறைவர் என 2011-இல் காட்டியது. ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் அளவிலேயே கட்டிகள் அகப்பட்டன. 1995-இன் தீர்ப்பு இவற்றுக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயந்தானே?

ஜப்பானிய மருத்துவர்கள் 2009-இல் தொடங்கி எழுபது மருத்துவமனைகளில் 1,106 நோயாளிகளைச் சேர்த்தனர். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாமலும், நுரையீரலின் ஓரப்பகுதியிலும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022-இல் சாஜி முதலியோர் முடிவை வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்து, மடல் நீக்கப்பட்டோரில் நூற்றுக்கு 91.1 பேரும், கூறு நீக்கப்பட்டோரில் நூற்றுக்கு 94.3 பேரும் உயிருடன் இருந்தனர்.

இத்துடன் நிறுத்திக் கைதட்டுவது எளிது. ஆனால் கணக்கை முழுவதும் படிக்க வேண்டும். நோய் அதே பக்கத்தில் திரும்பியது, மடல் நீக்கப்பட்டோரில் நூற்றுக்கு 5.4 பேருக்கு, கூறு நீக்கப்பட்டோரில் 10.5 பேருக்கு. ஏறக்குறைய இரு மடங்கு. அவ்வாறிருந்தும் உயிர் வாழ்வில் கூற்றின் பக்கம் மேலாக நின்றதற்குக் காரணம், மடல் நீக்கப்பட்டோரிடையே வேறு நோய்களால் இறந்தவர்கள் மிகுதியாக இருந்தமையே. மூச்சு வலிமையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வேறுபாட்டை எதிர்பார்த்தனர். ஓராண்டின் முடிவில் கண்டது 3.5 பங்குதான். இவ்வளவையும் மறைக்காமல் வெளியிட்டனர். அடுத்து 2023-இல், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் 697 பேரிடம் செய்த ஆராய்ச்சியை அல்டோர்கி முதலியோர் வெளியிட்டனர். அங்கும் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள். அறுவையின்போதே நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதித்து, அவற்றில் புற்று இல்லை என்று உறுதி செய்த பின்னரே சீட்டுப் போட்டனர். ஐந்தாண்டு கழித்து நோயின்றி வாழ்ந்தவர்கள் ஒரு பக்கம் நூற்றுக்கு 63.6, மறு பக்கம் 64.1. இரண்டும் சமம் என்றே கொள்ளலாம்.

அவ்வாறாயின் 1995-இல் சொன்னது பிழையா? பிழையன்று. மூன்று சென்டிமீட்டர் வரையான கட்டிகளுக்கு, அக்காலக் கருவிகளைக் கொண்டு கண்ட உண்மை அது. 2022-இல் கண்டது, இரண்டு சென்டிமீட்டருக்குட்பட்ட கட்டிகளுக்கு, இக்காலக் கருவிகளைக் கொண்டு கண்ட உண்மை. இரு தீர்ப்புகளும் தத்தம் எல்லைக்குள் சரியே. எல்லையை மறந்து தீர்ப்பை மட்டும் மனப்பாடம் செய்பவனே தவறு செய்கிறான். வரலாற்றுத் தேர்வில் ஆண்டை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் குறைத்து வந்ததும் இதனாலேதான்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில், கற்ற மருத்துவன் செயலாற்றுமுன் எண்ண வேண்டியவை மூன்று என்கிறார்: நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம். நுரையீரல் அறுவையின் தொண்ணூறு ஆண்டு வழக்கையும் இம்மூன்றில் அடக்கிவிடலாம். நோயாளியின் மூச்சு வலிமை எவ்வளவு, வேறு நோய் உண்டா, ஒரு மடலை இழந்தால் தாங்குவாரா என்பது முதலாவது. கட்டியின் குறுக்களவு, அது ஓரத்தில் இருக்கிறதா நடுவில் இருக்கிறதா, கணுக்களில் பரவியிருக்கிறதா என்பது இரண்டாவது. எவ்வளவு தொடக்கத்தில் கண்டுபிடித்தோம், எத்தகைய கருவி கொண்டு பார்த்தோம் என்பது மூன்றாவது. கிரகாம் மடலை எண்ணிச் சென்று முழு நுரையீரலை எடுத்ததும், இன்றைய மருத்துவர் மடலை விட்டுக் கூற்றை எடுப்பதும், இம்மூன்றையும் எண்ணிச் செய்தவையானால் இரண்டும் சரியே.

இவையெல்லாம் கற்றபின், என் நண்பரிடம் சென்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் எனக்குக் கூறு போதும், சார். என் கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்தானே" என்றார். நானும் அவ்வாறே நினைத்தேன். அங்கேதான் நாங்கள் இருவரும் தவறினோம்.

அறுவை மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். கட்டி சிறிதுதான். ஆனால் அது ஓரத்தில் இல்லை. மடலின் உட்புறத்தில், குழாய்கள் கிளை பிரியும் இடத்தை ஒட்டி இருந்தது. கூற்றை மட்டும் எடுத்தால், கட்டியைச் சுற்றி நோயற்ற சதை போதிய அளவில் வராது. விளிம்பில் புற்று மிஞ்சக்கூடும் என்றார். "ஐயா, உங்களுக்கு மூச்சு வலிமை நன்றாக இருக்கிறது. மலை ஏறுகிறவர் நீங்கள். மடலை இழந்தாலும் தாங்குவீர்கள். ஓரத்தில் இருந்திருந்தால் நானே கூறு போதும் என்றிருப்பேன்" என்று பணிவோடு சொன்னார்.

வெளியே வந்து மரத்தடியில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். நண்பர் முதலில் வருந்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜப்பானியர்கள் பெற்ற நன்மை தமக்கு இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு. பின்னர் அவரே, "அந்த ஆராய்ச்சியில் ஓரத்தில் இருக்கும் கட்டி என்றுதானே நிபந்தனை? நான் அதற்குள் வரவில்லை. அதன் விடையை நான் எடுத்துக்கொண்டால், வேறொருவன் விடைத்தாளைப் பார்த்து எழுதியது போலாகும்" என்றார். அறிவியல் ஆசிரியர் அல்லவா! மறுவாரம் மேல் மடல் நீக்கப்பட்டது. கணுக்களில் புற்று இல்லை.

ஐந்து திங்கள் கழித்து நாங்கள் அழகர்மலை ஏறினோம். முன்பு நிற்காமல் ஏறியவர், இப்பொழுது நான்கு இடங்களில் நின்றார். நின்ற இடங்களை அவர் எண்ணிக்கொண்டு வந்தார். அடுத்த முறை மூன்றாகக் குறைக்க வேண்டும் என்றார்.

மாணவச் செல்வங்களே, ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். எவ்வளவு அறுப்பது என்ற இந்த வினாவே, நோயைத் தொடக்கத்தில் கண்டவர்களுக்குத்தான் உரியது. நம் நாட்டில் நுரையீரல் புற்றோடு வருவோரில் பெரும்பாலோர், அறுக்கும் நிலை கடந்த பின்னரே வருகின்றனர். அதற்கு ஒரு காரணம், நெஞ்சுப் படத்தில் நிழல் கண்டவுடன், காசநோயாகத்தான் இருக்கும் என்று எண்ணித் திங்கள் பலவற்றைக் கழித்துவிடுவது. காசநோய் நம்மிடையே மிகுதியாக இருப்பதால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் சளியைச் சோதித்துக் கிருமி இல்லை என்று தெரிந்த பின்னும், இருமல் நீங்காமலும், எடை குறைந்துகொண்டும், சளியில் இரத்தம் கண்டும் இருந்தால், வேறு என்ன என்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியோர் தாமாகக் கேட்கமாட்டார்கள். அவர்களை அழைத்துச் சென்று, அவர்கள் சார்பில் நீங்கள் கேளுங்கள்.

எங்கள் பெரியோர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய இராசாசி மருத்துவமனையும், 1954-இல் தோன்றிய மதுரை மருத்துவக் கல்லூரியும் நம் ஊரிலேயே இருக்கின்றன. நாளை உங்களுள் சிலர் அங்கே கத்தியைக் கையிலெடுப்பீர்கள். அப்பொழுது மிகுதியாக அறுக்கும் துணிவும் உங்களுக்கு வேண்டியிருக்கும். குறைவாக அறுக்கும் துணிவும் வேண்டியிருக்கும். எதனைச் செய்வதாயினும், எதை வைத்து இம்முடிவுக்கு வந்தேன் என்று மேசைமேல் கிடப்பவருக்கு முன்னரே சொல்லக்கூடியவர்களாக இருங்கள்.